தோரணத்துக்கு உள்பக்கம்

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் சாயங்காலம் ஆகிவிட்டால் லாரிகள் வரிசை பிடிக்கும். நிலக்கரி ஏற்ற வந்தது, மரத்தடி ஏற்ற வந்தது, பெட்டி இறக்க வந்தது என்று ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். அந்த வரிசையின் வாலில் மாசானம் தன் மஞ்சள் வேனைக் கொண்டுபோய் ஒட்டவைப்பான். வரிசையில் நிற்கிற வண்டியை ஏன் நிற்கிறாய் என்று எந்தப் போலீஸ்காரரும் கேட்பதில்லை. நிற்பதுதான் அங்கே வேலை. ஒரே சங்கடம், முன்னால் நிற்கிற லாரி நகர்ந்தால் இவனும் நகர வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் வரிசையை விட்டு விலகித் திரும்பி, மறுபடியும் வாலுக்கு வர வேண்டும். உள்ளே பலகையில் படுத்திருக்கும் அவன் மனைவி சங்கரம்மாள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

லாரி ஓட்டுகிற பிரைட்டன் அவனுக்கு அங்கே பழக்கமானவன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன லோடு?"

"வீட்டு லோடு."

"ஏத்துமதியா, இறக்குமதியா?"

"இறக்கத்தான் வந்தேன் தம்பி. இறக்க எடம் கிடைக்கல."

பிரைட்டன் சிரித்துவிட்டு, பிளாஸ்கில் இருந்த தேநீரில் பாதியை ஊற்றிக் கொடுப்பான். தேநீரின் மேல் நிலக்கரித் தூசி மிதக்கும். ஊதித் தள்ளிவிட்டுக் குடிக்க வேண்டியதுதான்.

அது ஒரு பள்ளிக்கூடத்து வேன். வெள்ளத்தில் மூழ்கிப் பழைய இரும்புக் கடைக்கு வந்ததை, அந்தக் கடையில் லோடு ஏற்றிய பழக்கத்தில் மாசானம் வாங்கி ஓட வைத்திருந்தான். அதே வெள்ளம்தான் அவன் வீட்டையும் கொண்டுபோனது. ஆத்தூருக்குக் கிழக்கே, ஆற்றங்கரையை ஒட்டிய மணல்மேட்டூரில் இருந்தது வீடு. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் அஸ்திவாரமும் அடுப்பங்கரையின் சிமெண்டுத் தரையும் மட்டும் கிடந்தன. ஆற்றுப் புறம்போக்கு, திரும்பக் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தம்பி ராஜபாண்டியின் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தது. அங்கே கொஞ்ச நாள் இருந்தார்கள். ஒரு அறைக்குள் இரண்டு குடும்பம் எத்தனை நாள் முகம் பார்த்துக்கொண்டிருப்பது? வேனின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டுக் கிளம்பிவிட்டார்கள். வண்டியின் பக்கவாட்டில் பள்ளியின் பெயரைச் சுரண்டிவிட்டாலும் பூப்போட்ட ஓரம் போகவில்லை. சாலையில் போகும் பிள்ளைகள் இன்னும் கை காட்டும்.

முதலில் வேலைக்கு அது வசதியாகத்தான் இருந்தது. முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் அவள் உப்பு சுமந்தாள்; அவன் உப்புக் குவித்த அம்பாரத்தில் மூட்டை பிடித்து லாரியில் ஏற்றினான். அளத்து ஓரத்திலேயே வேன் நின்றது. பிறகு அளத்துக்காரர், ராத்திரி தங்கக்கூடாது என்றார். அதிலிருந்துதான் இடம் தேடுகிற வேலை ஆரம்பித்தது. அந்த வேலைக்கும் ஒரு படிப்பு வேண்டும். கல்யாண மண்டபத்து மைதானம் முகூர்த்தம் இல்லாத நாளில் ஆகும். கோயில் வாசல் செவ்வாயும் வெள்ளியும் ஆகாது. பெட்ரோல் பங்கில் இரண்டு லாரிக்கு நடுவில் நுழைந்துகொண்டால் பொழுது போய்விடும், ஆனால் அடுப்பு மூட்ட முடியாது. கடற்கரைக்குப் போனால் படகுக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஆடிக் காற்றில் மண் வந்து சோற்றில் விழும். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு சாலையைப் பார்த்திருக்க வேண்டும். விரட்டினால் ஓட அதுதான் தோது.

ஒருமுறை இருட்டில் தெரியாமல் எடைமேடையின் மேலேயே நிறுத்திவிட்டான். விடிந்ததும் எடை போடுகிறவர் ஜன்னலைத் தட்டினார். "அண்ணாச்சி, ஒங்க வீட்டு எடைய சீட்டுப் போட்டுத் தரவா?" என்றார். சங்கரம்மாள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "அதுல நான் எம்புட்டுன்னு தனியாச் சொல்லுமா ஒங்க மிசினு?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டுச் சிரித்தபோதே வயிற்றில் நோய் இருந்திருக்கிறது. அப்போது தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டார்கள், பலமுறை வரச் சொன்னார்கள். ஆடி பிறந்ததும் டாக்டரம்மா அவனைத் தனியே கூப்பிட்டு, "இனிமே இங்க வச்சிருந்து பிரயோஜனம் இல்லைங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குப் பிடிச்சதக் குடுங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

தள்ளுநாற்காலி தள்ளி வந்த ஆள் வாசலில் கேட்டான். "வீடு எங்கன இருக்கு? ஆம்புலன்சு சொல்லவா?"

"வேண்டாம்," என்றான் மாசானம். "வீடு அந்தா, வேப்பமரத்தடியில நிக்கி."

வண்டியில் ஏற்றிப் படுக்க வைத்ததும் சங்கரம்மாள் கேட்டாள். "டாக்டரம்மா என்ன சொன்னாவ?"

"வீட்டுக்குப் போவச் சொன்னாவ."

அவள் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ மணல்மேட்டூருக்கு விடுங்க. நம்ம எடத்துல கொண்டுபோய் நிறுத்துங்க" என்றாள். "எங்க அக்காவப் போல என்னைய ரோட்டுல வச்சுக் குளிப்பாட்டிராதிய."

அவள் அக்கா இசக்கியம்மாள் உப்பளத்தில் வெயிலில் சுருண்டு விழுந்து செத்தவள். வெளியே செத்த உடம்பை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். எல்லையில் பனையடியில் கிடத்தி, நாலு சேலையை மறைப்புக் கட்டித்தான் குளிப்பாட்டினார்கள். காற்று சேலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. திருச்செந்தூர் பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சங்கரம்மாள்தான் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அதை அவள் மறக்கவே இல்லை.

மணல்மேட்டூர் முகப்பில் வந்தபோது மாசானம் பிரேக்கை மிதித்தான். சாலைக்குக் குறுக்கே வேப்பங்குலைத் தோரணம் கட்டியிருந்தது. அன்றைக்குக் காலையில்தான் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நாட்டியிருக்கிறார்கள். அடுத்த செவ்வாய் கொடை. ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததில் அவனுக்குத் தேதி மறந்துபோயிருந்தது. கால் நாட்டிவிட்டால் கொடை முடிகிறவரை எல்லைக்குள் சாவு விழக்கூடாது. விழுந்தால் தீட்டு; கொடை நின்றுபோகும்.

வண்டிச் சத்தம் கேட்டு ராஜபாண்டி வந்தான். அந்த வருஷம் அவன்தான் கொடைக்குப் பொறுப்பு. கையில் காப்பு கட்டியிருந்தான். வேனுக்குள் எட்டிப் பார்த்தவன் முகம் செத்துப் போயிற்று.

"மதினி..."

"வாங்க கொழுந்தனாரே," என்றாள் அவள். "ஆளே மெலிஞ்சிட்டிய."

அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது ராஜபாண்டி கால்சட்டை போட்ட பையன். பள்ளிக்கூடத்துக்குத் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவள் அவள்தான். அவன் அண்ணனின் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போனான்.

"அண்ணே, டாக்டரு என்ன சொன்னாவ? உள்ளதச் சொல்லு."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொன்னாவ."

"எத்தன நாளு?"

"அதெல்லாம் சொல்லல."

"கால் நாட்டியாச்சுண்ணே."

"தெரியுது."

"நான் என்ன செய்யட்டும்? வெள்ளம் வந்து ரெண்டு வருசம் கொடையே இல்ல. இந்த வருசந்தான் வரி பிரிச்சு, மேளம் பேசி, வில்லுக்காரங்களுக்குச் சொல்லி..."

"எங்கிட்டயும்தான வரி வாங்குன? வரி வாங்கையில வீடு இருக்கான்னு கேக்கலியே."

ராஜபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "கேக்கல. நீ ஊருக்காரன்லா. அதான் வாங்குனேன்."

"அவளும் ஊருக்காரிதாம்லே."

"நான் இல்லன்னு சொல்லுதனா? என் ஒருத்தன் சோலின்னா நான் கூட்டிட்டுப் போயி என் கட்டில்ல போடுவேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணாயிட்டுன்னு வையி, ஊரு என்ன சொல்லும்? மாசானம் பொண்டாட்டி கொடைய நிப்பாட்டிட்டான்னு சொல்லும். பேரப்பிள்ளைய காலம் வரைக்கும் சொல்லும். அது மதினிக்கு வேணுமா?"

தோரணத்து வேப்பிலை காற்றில் படபடத்தது.

"அடுத்த புதன்கிழம காலையில மஞ்சத்தண்ணி ஊத்திக் கொடை முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். எட்டு நாளு. எங்கனயாச்சும் வச்சிரு அண்ணே."

"எங்கன வைக்க?"

"எங்கனயாச்சும்."

அவன் போன பிறகு மாசானம் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பின்னாலிருந்து சங்கரம்மாள் கேட்டாள். "என்ன சொல்லுதாரு?"

"கொடை முடியட்டுங்கான்."

"சரிதான்," என்றாள். "அதுவர சாவாம இருக்கணும். அம்புட்டுதான."

நாசரேத்தில் ரோஸ் டீச்சர் இருந்தாள். வெள்ளத்தின்போது பள்ளிக்கூட முகாமில் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள். பழக்கம் விடாமல் வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். டீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் வண்டியை விடச் சொன்னாள். வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டாள், தலை சீவிவிட்டாள். காலையில் கருப்பட்டிக் காப்பியும் ரொட்டியும் கொண்டுவந்து, ரொட்டியை நனைத்து ஊட்டினாள். நிழலும் காற்றும் நன்றாக இருந்தன. யாரும் விரட்டாத இடம். ஆனால் சங்கரம்மாளுக்கு அங்கே இருப்பே கொள்ளவில்லை.

"என்ன பிள்ள, எதுவும் குறைச்சலா?" என்று டீச்சர் கேட்டாள்.

"ஒரு கொறையும் இல்ல டீச்சர். ஆசுபத்திரிய விட நல்லாருக்கு."

"அப்புறம் என்ன?"

"கோவிச்சுக்கிடாதிய. இங்கன செத்தா ஒங்க கல்லறையில எனக்கு எடம் கிடையாது. ஊருக்கும் போவ முடியாது. நடுவுல கெடப்பேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிடத்த ஒரு இடம் இல்லாமப் போகாது பிள்ள."

"மண்ணுக்குள்ள போறதுக்கு எடம் கெடைக்கும். அதுக்கு முன்னால ஒரு வாசல்ல கெடக்கணும்லா?"

டீச்சர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் கிளம்பும்போது ஒரு தலையணையையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் வண்டிக்குள் வைத்தாள்.

மணல்மேட்டூர் எல்லைக்கு வெளியே, வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டார் அறை ஒன்று உண்டு. அதன் நிழலில் மூக்கைச் சாலைப் பக்கம் வைத்து நிறுத்தினான். அங்கேயிருந்து பார்த்தால் தோரணம் தெரிந்தது. திங்கட்கிழமை முழுக்க அவள் கண் திறக்கவில்லை. கஞ்சித் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தால் உதட்டோரம் வழிந்தது. மகள் சுடலைச்செல்வி திருப்பூரிலிருந்து போனில் கேட்டாள்.

"அம்ம எப்படி இருக்காப்பா?"

"இருக்கா."

"நாளைக்கு ராத்திரி பஸ்ஸு ஏறுதேன். புதன் காலையில வந்துருவேன். அதுவர..."

"அதுவர இருப்பா. கொடை முடிஞ்சுதான் போவேன்னு சொல்லிட்டா."

செவ்வாய்க்கிழமை காலையில் மேளச்சத்தம் கேட்டு அவள் கண் திறந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிச்சி என்னவென்று மாசானத்துக்குத் தெரியும். மூட்டை தூக்கும் கொட்டடியில் எத்தனை பேருக்கு அவன் கடைசித் தண்ணீர் ஊற்றியிருக்கிறான்.

"என்ன மேளம்?"

"மதியக் கொடைக்கு அழைப்பு. ஆத்துக்குத் தண்ணி எடுக்கப் போறாங்க."

"ஊரே படித்துறையிலதான் நிக்கும்," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தெருவுல ஒருத்தரும் இருக்க மாட்டாவ. விடுங்க" என்றாள்.

"ஏளா, இன்னும் ஒரு நாளு. நாளைக்குக் காலையில அவனே வந்து..."

"நாளைக்கு வரைக்கும் என்னால ஏலாதுங்க."

அவன் வண்டியைக் கிளப்பினான். இத்தனை நாள் கிளப்பியதெல்லாம் யாராவது போகச் சொன்னதற்காக. இன்றைக்கு யாரும் சொல்லவில்லை. தோரணத்துக்கு அருகே வந்ததும் நிறுத்திவிட்டான். வேனின் கூரை உயரம். அப்படியே போனால் தோரணம் அறுந்துவிடும். கொடை அன்றைக்குத் தோரணத்தை அறுத்த பாவம் வேறு எதற்கு என்று கூரையில் ஏறி, பனையோரம் கட்டியிருந்த முனையை அவிழ்த்தான். வண்டியை உள்ளே விட்டான். திரும்பி வந்து, பனையில் ஏறி மறுபடியும் இறுக்கிக் கட்டினான். கை அதன் பழக்கத்துக்கு முடிச்சுப் போட்டது. பார்த்தால் தொட்டது தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

தெருவில் நாயைத் தவிர யாரும் இல்லை. அஸ்திவாரத்தைச் சுற்றி எருக்கு முளைத்திருந்தது. சிமெண்டுத் தரை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அவன் பழக்கப்படி வண்டியைத் திருப்பி, மூக்கு வெளியே இருக்கும்படி பின்னுக்கு எடுக்கப் போனான்.

"ஒழுங்கா உள்ள பாத்து நிறுத்துங்க," என்றாள் சங்கரம்மாள். "இன்னைக்கு ஓட வேண்டாம்லா."

மூக்கை ஆற்றைப் பார்க்க வைத்து அஸ்திவாரத்தின் மேலேயே ஏற்றி நிறுத்தினான். கதவைத் திறந்து அவளைத் தூக்கினான். முதுகில் ஒரு மூட்டை, அதன் மேல் இன்னொன்று என்று உப்பு சுமந்த உடம்புக்கு அவள் பாரமே தெரியவில்லை. அரை மூட்டை கூட இல்லை. அடுப்பங்கரைத் தரையில் அவள் பாதத்தை வைத்துப் பிடித்துக்கொண்டான். உப்பில் வெடித்த பாதம்.

"சுடுது," என்றாள்.

"வெயில்லா."

"இருக்கட்டும். நம்ம தரதான."

அவ்வளவுதான் நின்றாள். மறுபடி பலகையில் படுக்க வைத்தபோது, "கொழுந்தனாரு வந்தா ஏசாதிய" என்றாள். தண்ணீர் கேட்டாள். ஒரு வாய் உள்ளே போயிற்று. இரண்டாவது வாய் அப்படியே நின்றது. ஆற்றுப் பக்கம் மேளம் உச்சத்துக்கு ஏறி, குலவைச் சத்தம் கேட்டது. மாசானம் அவள் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். மேளச்சத்தம்தான் கேட்டது.

அழ வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான். அழுதால் கேட்கும். கேட்டால் மேளம் நிற்கும். இப்போதே வண்டியை எடுத்துத் தோரணத்தைத் தாண்டிப் போய்விட்டால் ஊருக்குத் தீட்டு இல்லை. ஆனால் பிறகு அவளைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பனையடியில், நாலு சேலைக்கு நடுவில் கிடப்பாள். அவன் சாவியைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு எருக்கஞ்செடிக்குள் வீசிவிட்டு, அவள் கண்ணை மூடி, கழுத்துவரை போர்த்திவிட்டு, கதவோரம் வந்து உட்கார்ந்தான்.

சாமிக்குச் சோறு படைக்கிற படப்பு முடிந்து ஊர் கலையும் நேரத்தில் ராஜபாண்டி வந்தான். கையில் வாழை இலையால் மூடிய ஏனம். சாமிக்கு மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டியிருந்தான். நெற்றி நிறையத் திருநீறு.

"தோரணத்துல முடிச்சப் பாத்தேன்," என்றான். "லாரிக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டுத முடிச்சு. ஊருல அத வேற யாரு போடுவா?"

மாசானம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏசத்தான் வந்தேன். வாற வழியில மனசு கேக்கல. வந்தது வந்துட்டிய. கொடைச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு மதினி இங்கனயே கெடக்கட்டும். ஊருல கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்." ஏனத்தை நீட்டினான். "படப்புச் சோறு. வரிக்காரங்க எல்லாருக்கும் உண்டு. மதினிக்கு ஒரு வாய் குடு."

மாசானம் வாங்கிக்கொண்டான்.

"முழிச்சிருக்காவளா?"

"தூங்குதா."

ராஜபாண்டி சிரித்தபடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "மதினி" என்று கூப்பிட வாய் எடுத்தவன் நிறுத்திக்கொண்டான். அவள் உதட்டோரம் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. எழும்பவில்லை. அவன் கை தன்னால் இடுப்புக்குப் போய், கட்டியிருந்த துண்டை அவிழ்க்கப் பார்த்தது. பாதி அவிழ்த்தவன் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே வில்லுப்பாட்டுக்காரர்கள் மணியை ஒருமுறை தட்டிச் சரிபார்த்தார்கள். துண்டை மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"எழுப்பாத அண்ணே," என்றான் ராஜபாண்டி. குரல் உடைந்ததை இருமி மறைத்துக்கொண்டான். "தூங்கட்டும். நாளைக்குக் காலையில மஞ்சத்தண்ணி முடிஞ்சதும் நானே வந்து எழுப்புதேன்."

"சரி."

"கதவச் சாத்தி வையி. ஈ வருது."

"சரி."

அவன் போனான். தெருவில் யாரோ, அண்ணன் வந்துட்டாரா, மதினி எப்படி இருக்கா என்று கேட்பதும், நல்லா இருக்கா, தூங்குதா என்று அவன் சத்தமாகச் சொல்வதும் மாசானத்துக்குக் கேட்டது. சட்டைப் பையில் போன் அடித்தது. செல்வி. ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன் என்று சொல்லத்தான் இருக்கும். அடித்து ஓயும்வரை கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

சோறு மடியில் சூடாக இருந்தது. ஜன்னலை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய், பலகைக்குக் கீழே அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். வெயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்நேரம் ஆனால் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று கை சாவியைத் தேட ஆரம்பிக்கும். பழக்கத்தில் அது இன்றைக்கும் தேடியது. பிறகு நின்றுபோயிற்று.